என் பெயரில் விழுந்த மூன்று ஓட்டு

ஜனவரி 12, ஞாயிறு

இந்த நோட்டை இவர்தான் வாங்கிக் கொடுத்தார், நூறு கேள்வியையும் பதிலையும் எழுதிப் பழகுவதற்கு. முன்பக்கத்திலிருந்து அமெரிக்க அரசாங்கத்தை எழுதுகிறேன். பின்பக்கத்திலிருந்து என் வயிற்றெரிச்சலை எழுதுகிறேன். நடுவில் இரண்டும் முட்டிக்கொள்ளும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 22ஆம் தேதி குடியுரிமை நேர்காணல் என்று நேற்றுக் கடிதம் வந்தது. நூறு கேள்வியில் பத்துக் கேட்பார்களாம், ஆறு சொன்னால் போதுமாம். இன்று கோயிலுக்குப் போகும்போது காரிலேயே ஆரம்பித்துவிட்டார். “ஏளா இசக்கி, செனட்டர் எத்தன பேரு சொல்லு.” நூறு. “மாநிலத்துக்கு?” இரண்டு. “பெரிய மாநிலத்துக்கும் ரெண்டு, சின்ன மாநிலத்துக்கும் ரெண்டு, அது ஏன்னு தெரியுமா?” தெரியும் என்றேன். தெரியும் என்று சொன்ன பிறகும் கோயில் வாசல்வரை விளக்கினார்.

நான் சங்கரன்கோவில் பக்கத்தில் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் குடிமையியல் எடுத்தவள். மூன்று வருஷம். சட்டமன்றம் என்றால் என்ன, நீதிமன்றம் என்றால் என்ன என்று தொண்டை வற்றக் கத்தியவள். இந்த மனிதர் அந்த வயதில் அரசியல் புத்தகத்தைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார், கணக்குப் பாடம் ஒன்றே உலகம். இன்றைக்கு எனக்கு இவர் வாத்தியார்.

ஜனவரி 14

பொங்கல். எனக்கு வேலைநாள். பள்ளிக்கூட கேன்டீனில் முந்நூறு தட்டுக்குச் சிக்கன் நக்கெட்ஸ் வைத்தேன். வீட்டுக்கு வந்து குக்கரில் பொங்கினேன், குலவைச் சத்தத்துக்குப் பதில் விசில்.

ஜனவரி 19, ஞாயிறு

அரசாங்கத்துக்கு மூன்று கிளை. சட்டம் போடுவது காங்கிரஸ், நடத்துவது ஜனாதிபதி, சரியா தப்பா என்று சொல்வது நீதிமன்றம். ஒரு கிளை ரொம்பத் துள்ளினால் மற்ற இரண்டும் பிடித்து உட்கார வைக்கும்.

எழுதி முடித்துவிட்டு வீட்டைப் பார்த்தேன். எந்தக் கார், எந்த வீடு, மகள் ஆதிரை எந்தப் பாடம் எடுக்க வேண்டும் என்று சட்டம் போடுவது இவர். நடத்துவது இவர். அது சரியாக நடந்ததா என்று தீர்ப்புச் சொல்வதும் இவர்தான். ஊரிலிருந்து என் தம்பி வருகிறேன் என்றபோது, “இப்பம் வேண்டாம், பொறவு பாப்போம்” என்றார். அதோடு முடிந்தது. இங்கே ஜனாதிபதி ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பினால்கூட மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்தால் அதை மீறலாமாம்.

என்னை இத்தனை நாள் இந்தியக் குடிமகளாகவே வைத்திருந்ததும் இவர்தான். எட்டு வருஷத்துக்கு முன்பு இவர் மட்டும் அமெரிக்கக் குடிமகன் ஆனார். நம் ஊரில் விவசாய நிலம் வாங்க வேண்டும் என்றால் வீட்டில் ஓர் ஆளாவது இந்தியராக இருக்க வேண்டும் என்று என்னை அப்படியே விட்டுவைத்தார். தென்காசி பக்கம் தென்னந்தோப்பு என் பேரில் இருக்கிறது. இதுவரை ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். இப்போது “காலம் சரியில்லட்டி, நீயும் வாங்கிடு” என்று விண்ணப்பம் போட்டார். போட்டார் என்றால் அவரே நிரப்பினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டி மேஜையில் வைத்தார். நான் குழம்பை இறக்கிவிட்டு வந்து போட்டேன். எப்போதும் அப்படித்தான்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று இவர் ஆபீசிலிருந்து வர நேரமானது, தபாலை நான் எடுத்தேன். என் பேருக்கு நீதிமன்றத்திலிருந்து ஒரு கடிதம். ஜூரியாக வந்து உட்கார வேண்டுமாம். இசக்கியம்மாள் சுடலைமுத்து, மார்ச் 17, காலை எட்டரை.

நாற்பத்தொன்பதாவது கேள்வி: அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் உள்ள ஒரு பொறுப்பைச் சொல்லுக. பதில்: ஜூரியாகப் பணியாற்றுவது, தேசியத் தேர்தலில் ஓட்டுப் போடுவது.

நான் குடிமகள் இல்லையே, என்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று இவர் வந்ததும் கேட்டேன். கடிதத்தைக் கையில் வாங்கினார், முகம் ஒரு மாதிரி ஆனது. “கம்ப்யூட்டர் தப்பு. இவனுவளுக்கு வேற வேல இல்ல” என்று மாடிக்குக் கொண்டுபோய்க் கிழிக்கும் மிஷினில் விட்டார். சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் தப்பு என்றால் அதே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மனிதர் ஒரு போன் போட்டுத் திட்டியிருப்பார். கரண்ட் பில்லில் ஒரு தப்பு வந்ததற்கு நாற்பது நிமிஷம் திட்டினவர்.

பிப்ரவரி 8, சனி

ஆதிரைக்குப் பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. அவளிடம் சொன்னேன். “ஜூரி லிஸ்ட் எங்கேருந்து எடுப்பாங்கன்னு தெரியுமாம்மா? லைசன்ஸ் லிஸ்ட், வோட்டர் லிஸ்ட்” என்றாள். “லைசன்ஸ் வச்சிருக்கேன்லா, அதுல வந்திருக்கும்” என்றேன். சரி, எதற்கும் பார்த்துவிடலாம் என்று மாநிலத்தின் வாக்காளர் பக்கத்தில் என் பெயரையும் பிறந்த தேதியையும் போட்டாள்.

இருந்தேன். பதிவு செய்த வருஷம் 2019. கீழே ஒரு பட்டியல். 2020 நவம்பர், ஓட்டு ஏற்கப்பட்டது. 2022 நவம்பர், ஏற்கப்பட்டது. 2024 நவம்பர், ஏற்கப்பட்டது.

ஆதிரை என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அம்மா, நீ வோட் போட்டியா?”

“நான் எங்க போட்டேன்” என்றேன். ஆனால் அதைச் சொல்லும்போதே அந்த உறை ஞாபகம் வந்துவிட்டது. இந்த மாநிலத்தில் ஓட்டுச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும், வீட்டிலிருந்தே நிரப்பி அனுப்ப வேண்டும். வெள்ளை உறை, பின்னால் ஒரு கோடு, கோட்டுப் பக்கத்தில் மஞ்சள் சீட்டு. “இங்கன போடு.” நான் போட்டேன். ஆதிரை பள்ளிக்கூடத்துக் காகிதம் என்று நினைத்திருப்பேன், இல்லை இன்ஷூரன்ஸ் என்று நினைத்திருப்பேன். என்ன நினைத்தேன் என்பதே ஞாபகம் இல்லை.

வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். கண் எரிந்ததற்குக் காரணம் வெங்காயம்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கேட்டேன். ஆதிரையை வெளியே அனுப்பவில்லை, அவளும் இருக்கட்டும் என்றே கேட்டேன்.

முதலில் இல்லை என்றார். திரையைக் காட்டினேன். பிறகு, “உன் லைசன்ஸ் புதுப்பிக்கப் போனப்பம் ஃபாரத்துல வோட்டர் பதிவுக்குன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. எல்லாத்துலயும் டிக் அடிச்சிட்டேன், அதுவும் அடிபட்டுப் போச்சு” என்றார். அது தெரியாமல் நடந்தது, விடுங்கள். அப்புறம் வந்த ஓட்டுச்சீட்டு என்று கேட்டேன்.

“உன் பேருக்கு வந்துச்சு. வந்தத எதுக்கு வீணாக்கணும்னு போட்டேன்.”

இதைச் சொன்னபோது இவர் முகத்தில் வெட்கம் இல்லை. ஓட்டலில் இலவசமாகக் கொடுக்கிற சாஸ் பாக்கெட்டைப் பையில் அள்ளிப் போட்டுக்கொள்கிற முகம்தான் இருந்தது. வீணாகப் போய்விடக் கூடாதாம். மூன்று தடவை வீணாகப் போகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“உங்களுக்குத் தெரியாதா, குடிமக்கள்தான் போடணும்னு? நூறு கேள்வி எனக்கு நடத்துறீங்களே.”

“தெரியும். யாரு பாக்கப் போறான்னு நெனச்சேன்.”

ஆதிரை எழுந்து மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நான் விண்ணப்பத்தின் நகலை எடுத்து வரச் சொன்னேன். இருபது பக்கம். இருபத்தொரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் முதல்முறையாக முழுசாகப் படித்த காகிதம் அதுதான். எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா? இல்லை. எப்போதாவது ஓட்டுப் போட்டிருக்கிறீர்களா? இல்லை. கடைசிப் பக்கத்தில், இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று உறுதி கூறுகிறேன், கீழே என் கையெழுத்து. அழகாக, வளைத்து வளைத்து, கரும்பலகையில் எழுதிப் பழகின கை.

பிப்ரவரி 10

பேசவில்லை. டப்பாவில் சாப்பாடு மட்டும் கட்டிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 13

சொதி வைத்தேன். உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டதுபோல. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நொட்டை சொல்லியிருந்தால் நல்லா நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஒன்று எழுத வேண்டும். எழுதாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறேன்.

ஆசிரியையாக இருந்தபோது எனக்கும் தேர்தல் வேலை போட்டார்கள். கிராமத்துப் பள்ளிக்கூடம், மே மாத வெயில், விரலில் மை வைக்கிற வேலை. மத்தியானம் ஒருவர் வந்தார். கூடவே மனைவி. அவர் ஓட்டைப் போட்டுவிட்டு, மனைவி பின்னாலேயே மறைப்புக்குள் நுழையப் பார்த்தார். “அவளுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர், நான் அமுக்கிட்டு வந்திருதேன்.” நான் எழுந்து நின்று கையை நீட்டி மறித்தேன். இருபத்து நான்கு வயது எனக்கு. “அவங்க ஓட்டு அவங்களுது. வெளிய நில்லுங்க.” அந்தப் பெண் தனியாக உள்ளே போய் ரொம்ப நேரம் நின்றாள். பெட்டியிலிருந்து பீப் சத்தம் வந்தது. வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்படி மறித்தவள் நான். அடுத்த இரண்டு வருஷத்தில் கல்யாணம், விமானம், மஞ்சள் சீட்டு. யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. படிக்க வேண்டாம் என்று இவர் சொன்னதும் இல்லை. படிக்காமல் இருப்பது எனக்குச் சுகமாக இருந்தது, அதுதான் உண்மை. இவர் மேல் உள்ள கோபத்தில் பாதியை எனக்கும் வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

வழக்கறிஞரைப் பார்த்தோம். வதனி, யாழ்ப்பாணத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னிடம் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். நாலு கேள்வி பொறுத்துப் பார்த்தாள். பிறகு, “அண்ணை, நீங்கள் ஒருக்கா வெளியில இருங்கோ” என்றாள்.

கதவு மூடினதும் சொன்னாள்: “அக்கா, நான் உங்களுக்கு மட்டும்தான் வழக்கறிஞர். அவருக்கு இல்லை. அவர் வேற ஆளைப் பாக்கட்டும். அவர் செய்தது குற்றம்.”

எனக்கு மட்டும் என்று ஒருவர் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வாக்காளர் பட்டியல் மாநிலத்தின் கையில் இருக்கிறது. குடியுரிமை மத்திய அரசின் கையில் இருக்கிறது. ஒருவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாது என்று நினைத்தால் அதைவிட முட்டாள்தனம் இல்லை, எல்லாம் கேட்டால் கிடைக்கும். குடிமகள் இல்லாதவள் ஓட்டுப் போட்டால் விண்ணப்பத்தைத் தள்ளலாம், நாட்டைவிட்டு அனுப்பும் வழக்கும் போடலாம். ஒவ்வொரு உறையிலும் கையெழுத்துக்கு மேலே, நான் அமெரிக்கக் குடிமகள் என்று உறுதி கூறுகிறேன் என்று அச்சிட்டிருக்கிறது. “வாசிக்காமல் வைச்சாலும் கையெழுத்துத்தான் அக்கா.”

என்ன செய்ய என்று கேட்டேன்.

“விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்கலாம். ஆனா உங்கட பேர் பட்டியல்ல இருக்கிறது இருக்கிறதுதான், என்றைக்கு எண்டாலும் வரும். இல்லாட்டி நேர்காணலில நீங்களே முதல்ல சொல்லித் திருத்தலாம். அதுக்கும் உறுதி இல்லை. ஒண்டு மட்டும் உறுதி. பொய் சொல்லேலாது. சத்தியம் பண்ணிப்போட்டு ஒரு பொய் சொன்னா, பிறகு நீங்கள் சொல்லுற உண்மையையும் ஒருத்தரும் நம்பாயினம்.”

வெளியே வந்தேன். இவர், “என்னத்த சொன்னா அவ?” என்றார். எனக்குச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொன்னாள் என்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

என் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி வதனி எழுதின கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். போடுமுன் இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை வீம்புக்கு.

மார்ச் 9, ஞாயிறு

போன வாரம் இவரும் தனியாக ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு யோசனை.

திங்கள் கிழமை யோசனை: கேட்டால் இல்லை என்று சொல்லு. முடியாது என்றேன்.

புதன் கிழமை யோசனை: கேட்டால் பேசாமல் இரு. “வாயத் தொறக்காம இருக்கதுக்கு இந்த நாட்டுல உரிமை இருக்குட்டி, நீயே படிச்சிருக்கேல்லா.” அந்த உரிமையை இருபத்தொரு வருஷமாக அனுபவித்தாகிவிட்டது, இனி வேண்டாம் என்றேன்.

இன்றைய யோசனைதான் மகா யோசனை. “நீயே போட்டேன்னு சொல்லிரு. இங்கிலீஷ் தெரியாது, கிராமத்துல இருந்து வந்தவ, தபால்ல வந்துச்சு, எல்லாரும் போடணும்போலன்னு நெனச்சிட்டேன்னு சொல்லு. பொம்பளைன்னு எரக்கப்படுவான். நான் போட்டேன்னு சொன்னா ஜெயிலுட்டி. வேல போவும். ஆதிரை காலேஜ் என்னாகும்?”

ஆதிரையின் பெயரை இழுத்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. கையில் சப்பாத்திக் கட்டை இருந்தது, கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன்.

“என்னை ஊருக்கு அனுப்பிட்டா ஆதிரைக்கு ஒண்ணும் ஆகாதா? ஓட்டையும் எடுத்துக்கிட்டீங்க. இப்பம் அதுக்கான பழிய மட்டும் என்கிட்டயே திருப்பிக் கொடுக்கீங்களா?”

“கத்தாத.”

“இன்னும் கத்தவே இல்ல.”

மார்ச் 17

இன்று ஜூரிக்குப் போயிருக்க வேண்டிய நாள். வதனி அந்த நீதிமன்றத்துக்கும் எழுதிவிட்டாள், நான் தகுதி இல்லாதவள் என்று. தகுதி இல்லாதவள் கேன்டீனில் முந்நூறு பர்கர் அடுக்கினேன்.

மார்ச் 30, ஞாயிறு, ரம்ஜான் என்று பக்கத்து வீட்டு நஸ்ரின் பிரியாணி கொடுத்தாள்

சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன? எல்லாரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள், தலைவர்களும்தான், அரசாங்கமும்தான். சட்டத்துக்கு மேலே யாரும் இல்லை.

ஆதிரையிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். கேட்டுவிட்டு, “அம்மா, நீ உண்மையைச் சொன்னா உன்னை அனுப்பிடுவாங்களா?” என்றாள். தெரியாது என்றேன். “அப்பாவ ஜெயில்ல போடுவாங்களா?” அதுவும் தெரியாது என்றேன். “அப்ப எதுக்கு நீ சொல்லணும்?” நான் கோபப்படவில்லை. பிள்ளை பயந்துபோய்க் கேட்கிறது. நான் பயப்படவில்லை, அதனால் பொறுமையாகச் சொன்னேன்: “உன் கையெழுத்த நாளைக்கு ஒருத்தன் போட்டா நீ என்ன செய்வே?” அவள் பிரியாணியில் பாதியை என் தட்டில் வைத்தாள்.

ஏப்ரல் 20

பெட்டியில் என் துணிகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். சும்மா, எத்தனை கிலோ வருகிறது என்று. இருபத்திரண்டு கிலோ. திரும்பவும் அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு எழுதுகிறேன். ஒன்றும் விட்டுப் போகாமல் எழுத வேண்டும்.

அதிகாரி ஒரு பெண், என் வயது. வலது கையைத் தூக்கி உண்மை சொல்வேன் என்று உறுதி கூறச் சொன்னாள். வதனி என் பக்கத்தில் இருந்தாள். இவர் கார் நிறுத்துமிடத்தில் இருந்தார், உள்ளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் கேள்விகள். நாட்டின் மிக உயர்ந்த சட்டம் எது? அரசியல் சாசனம். பிரதிநிதிகள் சபையில் எத்தனை பேர்? நானூற்று முப்பத்தைந்து. ஒரு கிளை அளவுக்கு மீறி அதிகாரம் எடுக்காமல் தடுப்பது எது? சொன்னேன். மசோதாவை யார் மறுக்கலாம்? ஜனாதிபதி. மாநிலங்களுக்கு உள்ள ஓர் அதிகாரம்? ஓட்டுநர் உரிமம் கொடுப்பது. இதைச் சொல்லும்போது சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆறாவது, எத்தனை வயதில் ஓட்டுப் போடலாம். பதினெட்டு. ஆறுக்கு ஆறு, போதும் என்று நிறுத்திவிட்டாள். நன்றாகத் தயார் செய்திருக்கிறீர்கள் என்றாள்.

பிறகு விண்ணப்பத்தைத் திரையில் திறந்தாள். அந்தப் பக்கம் வருமுன்பே நான் சொன்னேன், இதில் ஒரு பதில் தப்பு, நான் திருத்த வேண்டும் என்று. விரல் விசைப்பலகையில் நின்றது. எது என்றாள்.

என் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தது. மூன்று தடவை என் பெயரில் ஓட்டு விழுந்திருக்கிறது. நான் அந்தச் சீட்டைப் பார்த்ததில்லை. உறையில் கையெழுத்துப் போட்டது நான்தான். என்ன என்று படிக்கவில்லை. இதையெல்லாம் பிப்ரவரியில்தான் தெரிந்துகொண்டேன்.

இங்கிலீஷில்தான் சொன்னேன். கேன்டீன் இங்கிலீஷ். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

சீட்டை யார் நிரப்பினார்கள் என்று கேட்டாள். வதனி என் பக்கம் குனிந்து, “அக்கா, இதுக்குப் பதில் சொல்லாமல் விடலாம்” என்றாள். எனக்கு ஆதிரை முகம் வந்தது. இவர் முகமும் வந்தது, கல்யாணமான புதிதில் விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டைத் தன் சட்டைப் பையில் வைத்துத் தட்டிக்கொண்ட முகம்.

என் கணவர் என்றேன்.

தட்டச்சு செய்தாள். பரீட்சையில் தேர்ச்சி, ஆனால் இன்று முடிவு சொல்ல முடியாது, தபாலில் வரும் என்றாள்.

காருக்கு வந்தேன். பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்தார். “பாஸா?” பாஸ். “அதக் கேட்டாளா?” கேட்டாள், சொல்லிவிட்டேன், உங்கள் பேரையும் சொல்லிவிட்டேன் என்றேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை மாதச் சண்டையில் நான் ஒன்றைக் கேட்கவே இல்லை என்று.

“என் ஓட்ட யாருக்குப் போட்டீங்க?”

திரும்பிப் பார்த்தார். உண்மையிலேயே புரியாத பார்வை.

“எனக்குப் போட்டதத்தான் உனக்கும் போட்டேன். பின்ன வேற யாருக்குப் போட?”

நான் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு வதனி காரில் வீட்டுக்கு வந்தேன்.

மே 11

ஆதிரை வாழ்த்து அட்டை கொடுத்தாள், அன்னையர் தினமாம். இவர் என்னிடம் நேராகப் பேசி மூன்று வாரம் ஆகிறது. “உங்க அம்மாகிட்ட மோர் இருக்கான்னு கேளு.” இருக்கிறது என்று அவளிடமே சொன்னேன்.

ஜூன் 5, வியாழன்

வந்துவிட்டது. விண்ணப்பம் நிராகரிப்பு. கூடவே இன்னொரு காகிதம், குடிவரவு நீதிபதி முன்னால் ஆஜராக வேண்டும். நவம்பர் 18. என்னை ஏன் இந்த நாட்டிலிருந்து அனுப்பக் கூடாது என்று நான் சொல்ல வேண்டும்.

வதனி போனில் சொன்னாள்: “நீங்கள் உண்மை சொன்னதை அவையள் எழுதி வைச்சிருக்கினம், அது நல்லது. ஆனா உங்கட வாயால சொன்னது மட்டும் காணாது. அவர் எழுத்தில தர வேணும், நான்தான் செய்தனான், இவவுக்குத் தெரியாது எண்டு. அப்பிடித் தந்தா அவருக்கு வழக்கு வரும். தராட்டி, உங்களைக் காப்பாத்துறது கஷ்டம்.”

இதை இவரிடம் நான் நேராகச் சொன்னேன், ஆதிரை வழியாக இல்லை. இவருடைய வழக்கறிஞர் என்ன சொன்னார் என்று கேட்டேன். “எதையும் எழுதிக் கொடுக்காதன்னு சொல்லியிருக்கான்” என்றார். சரி என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கெஞ்சுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. கெஞ்ச மாட்டேன். பெட்டி இருபத்திரண்டு கிலோதான்.

ஜூன் 12

மூன்று நாளாக இவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

ஜூன் 14, சனி

காலையில் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். இவர் ஒரு தாளோடு வந்து நின்றார். கையால் எழுதினது, இங்கிலீஷில். “வதனிகிட்ட கொடுக்க. படிச்சுப் பாரு, சரியா இருக்கான்னு.”

கையைத் துடைத்துவிட்டு வாங்கினேன். 2019இல் பதிவுக் கட்டத்தில் தானே டிக் அடித்தது, சீட்டுகளைத் தானே நிரப்பியது, எல்லாம் இருந்தது. ஜெயில் என்றால் ஜெயில் என்று முடிவு செய்துதான் எழுதியிருக்கிறார், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நடுவில் ஒரு வரி: என் மனைவிக்கு உதவியாக அவள் ஓட்டை நான் பதிவு செய்தேன்.

“இது என்ன உதவி?” என்றேன். “நான் கேட்டேனா?” திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவது தாளில், குடும்ப நலன் கருதி. திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவதில், எங்கள் கலாச்சாரத்தில் கணவர்தான் காகித வேலைகளைக் கவனிப்பது வழக்கம். எங்கள் ஊரில் ஒரு பெண் தனியாக மறைப்புக்குள் போய் நின்றாள், அதுவும் எங்கள் கலாச்சாரம்தான் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

“ஏளா, பின்ன என்னதான் எழுதச் சொல்லுத?” குரல் உடைந்துவிட்டது. இவர் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை.

“நடந்தத.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாம்பார் கொதித்து இறக்கியும் ஆயிற்று, இவர் பேனாவை வைத்துக்கொண்டு வெள்ளைத் தாளைப் பார்த்தபடியே இருந்தார். ஆதிரை மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். சமையலறையில் எனக்கு வேலை எதுவும் இல்லை, இருந்தும் நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் எழுதி நீட்டினார். முதல் மூன்று தாளில் இருந்தது எல்லாம் இருந்தது. நடுவில் இருந்த வரி மட்டும் மாறியிருந்தது.

என் மனைவிக்கும் ஒரு விருப்பம் இருக்கும் என்றோ, அதை அவளிடம் கேட்க வேண்டும் என்றோ எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

படித்ததும் என் கோபம் குறைந்துவிடும் என்று நினைத்தேன். குறையவில்லை, உச்சந்தலைவரை ஏறியது. ஆனாலும் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மேஜையில் வைத்து, கையெழுத்துக்காகக் கீழே போட்டிருந்த கோட்டை விரலால் காட்டினேன்.

“இது சரி. போடுங்க.”